வேலிக்குள் பிள்ளைகள்

கோவிலுக்குப் பின்புறம் பல ஆண்டுகளாகக் கருவேல முள் மண்டிக் கிடந்த நிலத்தை, பங்கு மக்களில் இருபது குடும்பத்தினர் சேர்ந்து திருத்திக் காய்கறித் தோட்டமாக்கியிருக்கும் செய்தியை வாசகர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். வீட்டுக்கு ஒரு பாத்தி. நீர்த்தொட்டியும் குழாயும் எருக்குழியும் பொது. நல்ல முயற்சி, பாராட்டுகிறோம். ஆனால் அவர் எழுதியது பாராட்டுப் பெறுவதற்காக அன்று. ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் சிறுவர் கூட்டம் தோட்டத்துக்குள் பாய்கிறதாம். தக்காளி நாற்று மிதிபட்டது. வெண்டைப் பிஞ்சு ஒடிபட்டது. குழாயை யாரோ திறந்துவிட்டுப் போனதால் ஒரு பகல் முழுவதும் தொட்டி வடிந்து வற்றிப்போனது. தோட்டக் குழுவினர் கூடி 16 விதிகளை எழுதிப் பலகையில் தொங்கவிடத் தீர்மானித்துள்ளனர். அந்தப் பட்டியலை நமக்கு அனுப்பி, 'இவை போதுமா, இன்னும் சேர்க்கவேண்டுமா?' என்று கேட்கிறார்.

படித்துப் பார்த்தோம். பதினாறும் 'கூடாது' என்றே முடிகின்றன. முதல் விதி, 12 வயதுக்கு உட்பட்டோர் உள்ளே வரக்கூடாது என்பது. கடைசி விதி அபராதம். கடிதத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு பின்குறிப்பு: பறிக்கிற பிள்ளைகளுள் பெரும்பாலோர் வாய்க்காலுக்கு அப்பால் உள்ள கூலிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், அவ்வீட்டாருக்குத் தோட்டத்தில் பாத்தி கிடையாது. கடிதத்தின் உயிரான செய்தி இந்தப் பின்குறிப்பிலேதான் இருக்கிறது என்பது நம் எண்ணம். அதற்குப் பிறகு வருவோம்.

விதியே வேண்டாம், பிள்ளைகள் மலர்கள், ஓடி விளையாடட்டும் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லோம் நாம். காலையும் மாலையும் நீர் சுமந்து ஊற்றிய ஒரு தாய், காய்க்கத் தொடங்கிய செடி வேரோடு சாய்ந்து கிடப்பதைக் கண்டால் அவள் நெஞ்சு பதறத்தான் செய்யும். அவள் உழைப்புக்கு மதிப்பளிக்கக் கற்பதும் பிள்ளை பெறவேண்டிய கல்வியே. எனவே விதி வேண்டும். அது எதைக் காப்பதற்காக வருகிறது, யாரைக் கட்டுகிறது என்பதே கேள்வி.

இந்த வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனி நாட்டில் லைப்சிக் என்னும் நகரில் இதைப்பற்றிய சுவையான வரலாறு ஒன்று உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அந்நகரம் ஆலைகளால் பெருகியது. நெருக்கமான வீடுகளில் அடைபட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஓடியாட இடமில்லை. 1864-ஆம் ஆண்டு ஹவுஷில்ட் என்னும் பள்ளித் தலைமையாசிரியர் பெற்றோரைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஷ்ரேபர் என்னும் மருத்துவர், நகரத்துப் பிள்ளைகளுக்குத் திறந்தவெளியும் உடற்பயிற்சியும் வேண்டுமென்று வலியுறுத்தியவர். ஆதலால் சங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டினர். அடுத்த ஆண்டிலேயே விளையாட்டுத் திடல் ஒன்று திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் கெஸல் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அத்திடலின் ஓரத்தில் சிறு சிறு பாத்திகள் அமைத்தார். அவை பிள்ளைகளுக்கென்றே அமைந்த பாத்திகள். அவர்களே கொத்தி, விதைத்து, நீர் வார்க்கவேண்டும் என்பது ஏற்பாடு.

நடந்தது என்ன? சில நாள் பிள்ளைகள் ஆர்வமாக வந்தனர். பிறகு களை மண்டியது. பெற்றோர் வந்து களை பறித்தனர், பறித்தவர்கள் தங்கிவிட்டனர். பிள்ளைகளின் பாத்திகள் குடும்பப் பாத்திகளாயின; குடும்பப் பாத்திகளுக்கு வேலி எழுந்தது; வேலிக்குள் சிறு குடில் எழுந்தது. விரைவிலேயே 'ஷ்ரேபர் தோட்டம்' என்ற பெயர் நாடெங்கும் பரவியது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் குடும்பத் தோட்டங்கள் உண்டு என்பர். 1983-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள தனிச் சட்டம், தோட்டத்தின் பரப்பு 400 சதுர மீட்டரைத் தாண்டலாகாது என்றும், குடில் 24 சதுர மீட்டருக்கு மேற்படலாகாது என்றும் அளந்து வைத்திருக்கிறது. சங்கங்கள் தத்தம் பங்குக்கு வேலியின் உயரம், மரத்தின் உயரம், நண்பகல் ஓய்வு நேரம் என்று விதிகளை அடுக்கியுள்ளன. நண்பகல் ஓய்வு நேரத்தில் ஓசை கூடாது. பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று பிறந்த இடத்தில், பிள்ளைகளின் கூச்சலுக்கு நேரம் பார்க்கும் நிலை வந்தது!

பிள்ளைகளின் ஓசையைப்பற்றி அந்நாட்டில் அயலார் தொடுத்த வழக்குகள் பெருகிப் போய், 2011-ஆம் ஆண்டில் மைய அரசு தன் சட்டத்திலேயே ஒரு திருத்தம் செய்யவேண்டியதாயிற்று. குழந்தைகள் காப்பகத்திலிருந்தும் விளையாட்டுத் திடலிலிருந்தும் பிள்ளைகள் எழுப்பும் ஒலியைப் பொதுவாகத் தீங்கு தரும் இரைச்சலாகக் கருதலாகாது என்பது அத்திருத்தம். பிள்ளையின் குரல் இரைச்சலன்று என்பதைச் சட்டம் எழுதிச் சொல்லவேண்டிய நிலை! நம் ஊர்களில் அந்த நிலை இன்னும் வரவில்லை என்று மகிழலாம். ஆனால் 12 வயதுக்கு உட்பட்டோர் வரக்கூடாது என்னும் பலகை அந்தத் திசையில் எடுத்துவைக்கும் முதல் அடியே.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிடுகிறோம். தோட்டத்துக்குப் பெயர் தந்த அந்த ஷ்ரேபர் மருத்துவர், பிள்ளைகள் கூனாமல் நிமிர்ந்து உட்காரவேண்டும் என்பதற்காக வாரும் இரும்பும் கொண்ட கருவிகளை வகுத்தவர். மேசையோடு சேர்த்துப் பொருத்தும் கம்பி, படுக்கையில் புரளாமல் பிணைக்கும் வார் எனப் பல. நல்லெண்ணம் கொண்ட மனிதர்தாம். பிள்ளையைத் திருத்தும் ஆர்வத்தில் பிள்ளையையே கட்டிப்போடும் பெரியோர் எந்தக் காலத்திலும் உண்டு போலும்.

லைப்சிக் பிள்ளைகள் ஏன் தங்கள் பாத்தியை விட்டுப் போயினர்? அக்கறையில்லாப் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. மண்ணில் விதையை இட்ட பிள்ளை மறுநாள் காலையிலேயே தோண்டிப் பார்க்கும். அது பிள்ளையின் இயல்பு. பெரியோருக்கு மூன்று மாதம் என்பது அடுத்த தவணை. பிள்ளைக்கோ அது ஒரு யுகம். பறங்கி விதையைக் கொடுத்து, காய்க்கும் வரை காத்திரு என்றால் எந்தப் பிள்ளைதான் காத்திருக்கும்? முளைக்கீரையைக் கொடுத்துப் பாருங்கள். மூன்று நான்கு நாளில் முளை தெரியும். நான்கு வாரத்துக்குள் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு போகலாம். முள்ளங்கி ஒன்றரை மாதத்துக்குள் கைக்கு வரும். வெண்டையும் ஏறத்தாழ அந்த அளவில் காய்க்கத் தொடங்கும். அதன்பின் நாள்விட்டு நாள் பறிப்பு உண்டு. முதலில் கீரை, அடுத்து முள்ளங்கி, பிறகு வெண்டை என்று படிப்படியாகக் காத்திருக்கப் பழக்கலாம். தான் வளர்த்த கீரையைத் தாய் கடைந்து பரிமாறும்போது, கீரையை ஒதுக்கும் பிள்ளையும் இலையை வழிக்கக் காண்கிறோம்.

நியூயார்க் நகரில் 1902-ஆம் ஆண்டு ஃபேனி பார்சன்ஸ் என்னும் அம்மையார், ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகளை அடுத்த பூங்கா நிலத்தில் சிறுவர் பண்ணை ஒன்று தொடங்கினார். அவர் செய்த ஏற்பாடு மிக எளியது: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு சிறு பாத்தி, அதில் விளைவது அப்பிள்ளைக்கே. காய்கறி விளைவிப்பது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பொது நிலத்தில் தன் பங்கைப் பேணத் தெரிந்த பிள்ளை பிறர் பங்கையும் மதிக்கும் என்பதே அவர் கண்ட கணக்கு. நமக்கும் அது சரியாகவே தோன்றுகிறது. தனக்கென்று எதுவும் இல்லாத பிள்ளைக்கு 'பிறர் பொருள்' என்னும் சொல் விளங்குவதில்லை. தன் பாத்தியில் ஒருவன் மிதித்துவிட்ட அன்றுதான் மிதித்தல் என்றால் என்னவென்று அதற்குப் புரிகிறது.

இனிப் பறித்துத் தின்னும் குற்றத்துக்கு வருவோம். கடிதம் எழுதிய அன்பர் இதைத் திருட்டு என்றே குறிப்பிடுகிறார். திருமறை நூல் இவ்வளவு விரைவாகத் தீர்ப்பளிக்கவில்லை. இணைச்சட்ட நூலின் 23-ஆம் அதிகாரத்தின் முடிவில் இரண்டு சிறு விதிகள் உள்ளன. அயலானின் திராட்சைத் தோட்டத்துக்குள் செல்பவன் வயிறு நிறைய உண்ணலாம். ஆனால் பாத்திரத்தில் நிரப்பிக்கொண்டு போகலாகாது. அயலானின் கதிர் விளைந்த நிலத்துக்குள் செல்பவன் கையால் கொய்யலாம், அரிவாளை இடலாகாது. எவ்வளவு நுட்பமான கோடு இது! கைக்கும் கூடைக்கும் இடையே, பசிக்கும் பேராசைக்கும் இடையே அச்சட்டம் கோடு கிழிக்கிறது. நம் ஆண்டவரின் சீடர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்து தின்றபோது, பரிசேயர் ஓய்வுநாள் முறையைப் பற்றித்தான் குறை கூறினர். திருட்டு என்று அவர்களுங்கூடச் சொல்லவில்லை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். லேவியர் நூலோ இன்னும் ஒரு படி மேலே போகிறது: வயலின் ஓரங்களை ஒட்ட அறுக்காதே, உதிர்ந்ததைப் பொறுக்காதே, அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை என்கிறது. இவை தருமப் புத்திமதிகளாக அல்ல, நில உடைமையாளனைக் கட்டும் சட்டங்களாகவே அங்கே எழுதப்பட்டுள்ளன.

ஆகவே பறித்தலைப்பற்றி 16 விதிகளில் உள்ள நான்கையும் அடித்துவிட்டு ஒரே விதி எழுதலாம் என்று அக்குழுவினருக்குச் சொல்வோம்: நின்ற இடத்தில் கழுவித் தின்பதைக் கேட்காமல் எடுக்கலாம், வீட்டுக்கு எடுத்துப் போவதற்குக் கேட்கவேண்டும். அதற்கென்று வேலியோரமாக ஒரு நீண்ட பாத்தியை ஒதுக்கி, வெள்ளரியும் சிறு தக்காளியும் வைத்து, மூலையில் ஒரு கொய்யாவும் நட்டுவிட்டால், மற்றப் பாத்திகள் பெரும்பாலும் தப்பும். பசித்த பிள்ளை கத்தரிக்காயைத் தேடிப் போவதில்லை.

இப்போது அந்தப் பின்குறிப்பு. வாய்க்காலுக்கு அப்பால் உள்ள பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் பாத்தி இல்லை. அவர்களுடைய பெற்றோர் பங்குத்தொகை கட்டவில்லை. பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்று பலகை எழுதினால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான விதிபோலத் தோன்றும். நடைமுறையில் அப்படி இராது. பாத்தி உள்ள வீட்டுப் பிள்ளை தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மாலையில் உள்ளே வரும்; யாரும் தடுக்கமாட்டார்கள். விரட்டப்படுவது வாய்க்கால்கரைப் பிள்ளை மட்டுமே. ஞாயிறு காலையில் ஒரே பாயில் அமர்ந்து மறைக்கல்வி கேட்ட இரண்டு பிள்ளைகளுள் ஒன்று வேலிக்கு உள்ளும் ஒன்று வேலிக்கு வெளியும் நிற்குமானால், அன்று காலை அவர்கள் கேட்ட பாடத்தை நாமே அழிக்கிறோம் அன்றோ?

பணம் கட்டியவர்கள் நாங்கள் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். முள் வெட்டியதும் குழாய் போட்டதும் அவர்கள் பணமே. அதை மறுப்பார் இல்லை. நிலமோ பங்கினுடையது. அந்தப் பிள்ளைகளின் பாட்டன்மாரும் பிடியரிசி போட்டு எழுப்பிய கோவிலைச் சேர்ந்தது. இருபது பாத்திகளோடு சிறுவர் பாத்திகள் ஆறோ எட்டோ சேர்த்து, வயதை மட்டும் பார்த்து, பங்குத்தொகை கேளாமல் கொடுக்கலாம். அடுத்தடுத்த இரு பாத்திகளை ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கோ ஒரே தெருப் பிள்ளைகளுக்கோ கொடாமல் மாற்றி மாற்றிக் கொடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். இதைக் குழுவில் பேசும்போது எதிர்ப்பு எழும். எழுந்தாலும் பேசித் தீர்க்கவேண்டிய பேச்சு இதுதான். வெண்டைப் பிஞ்சைப்பற்றியது அன்று.

சில விதிகளில் மட்டும் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. அவை உயிரைப் பற்றியவை. விந்தை என்னவென்றால், அவற்றுள் பெரும்பாலானவை பெரியோருக்கு எழுதவேண்டிய விதிகள். நமக்கு வந்த பட்டியலில் அவற்றுள் ஒன்றுகூட இல்லை.

2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16-ஆம் நாள் பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. அது காய்கறிப் பயிர்களுக்குத் தெளிக்கக் கூடாதென்று 2005-லேயே அரசு தடை செய்த நஞ்சு. பிள்ளைகள் எந்த விதியையும் மீறவில்லை. வரிசையில் உட்கார்ந்து, இட்டதை உண்டனர். நஞ்சை அது இருக்கக்கூடாத இடத்தில் இருக்கவிட்டவர்கள் பெரியோர். ஆதலால் பொதுத் தோட்டத்தில் முதல் விதி இதுவாகட்டும்: பூச்சிமருந்துப் புட்டியோ டின்னோ வேலிக்குள் நுழையலாகாது, ஒழிந்த டின்னில் நீர் மொள்ளவும் விதை வைக்கவும் கூடாது. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடித்த கரைசல் சிறு தோட்டத்துக்குப் பெரும்பாலும் போதும். ஒருவர் தம் பாத்தியில் மட்டும் மருந்தடிப்பேன் என்றால் ஏற்கலாகாது. காற்று வரப்பைப் பார்த்து வீசுவதில்லை. நின்று பறித்துத் தின்னலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்ட இடத்தில் அந்த உரிமை யாருக்கும் இல்லை.

அடுத்தது வேலிச் செடிகள். பூசைக்கும் பீடத்துக்கும் ஆகுமென்று அரளி வைப்பவர் உண்டு. மஞ்சள் பூக்கும் பொன்னரளியை வேலியாகவே வளர்ப்பவரும் உண்டு. பொன்னரளிக் கொட்டை இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் கொடிய நஞ்சு. பளபளக்கும் குன்றிமணியைக் கண்டால் எடுத்து வாயில் போடாத பிள்ளை அரிது. மென்றால் உயிருக்கே ஆபத்து. நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கும் அத்தகையதே. கொடியின் அழகைக் கண்டு பந்தலில் ஏற்றிவிட்டவர்கள், அதன் அடியில் தோண்டும் பிஞ்சு விரல்களையும் நினைக்கவேண்டும். இவற்றைத் தொடாதே என்று பலகை எழுதுவதைவிடப் பிடுங்கி எறிவதே முறை. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்கவே நேரம் போதாது.

பாம்புக்கும் விதி எழுத இயலாது. கற்குவியலும் வைக்கோல் போரும் எலி வளையும் இருக்கும்வரை அதுவும் இருக்கும். எருக்குழியைச் சுற்றித் துப்புரவாக வைப்பதும், இருட்டிய பின் எவரும் விளக்கின்றி உள்ளே போகாதிருப்பதும் பெரியோர் கடமை. தீண்டிவிட்டால் கீறவும் உறிஞ்சவும் இறுகக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பது நல்லது. கிணறு இருந்தால் அதற்குக் கம்பி மூடி; அரிவாளுக்கும் துறட்டிக்கும் பூட்டிய அறை; காலில் ஆணி குத்தினால் மறைக்காமல் சொல்லும் பழக்கம். பத்தாம் வயதிலும் பதினாறாம் வயதிலும் போடவேண்டிய இரண ஜன்னித் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பெற்றோர் இன்றே பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் கழித்தபின் பிள்ளைகளுக்கென்று எஞ்சும் விதிகள் நான்கைந்துக்கு மேல் இரா. அவற்றை யார் எழுதுவது? பிள்ளைகளே எழுதட்டும் என்பது நம் கருத்து. சிரிக்கவேண்டாம். நாம் பணியாற்றிய ஒரு கிளைப்பங்கில் இதைச் செய்து பார்த்ததுண்டு. ஒன்பது வயது முதல் பதின்மூன்று வயது வரை ஒரு கூட்டம். வேப்பமரத்தடியில் உட்கார்த்தி, நம் தோட்டத்துக்கு என்ன விதி வேண்டும் என்று கேட்டோம். அம்மம்ம! பெரியோர் எழுதிய 16 விதிகள் அவற்றின் முன் இரக்கமிக்கவை. செடியை மிதித்தவன் நாள் முழுவதும் வெயிலில் நிற்கவேண்டும் என்றான் ஒருவன். ஒரு காய்க்குப் பத்து ரூபாய் என்றாள் ஒரு சிறுமி. மூன்றாம் முறை தவறினால் ஊரைவிட்டே விலக்கவேண்டும் என்றான் மற்றொருவன். 'எந்த ஊருக்கு அனுப்பலாம், சாமி?' என்று அவனே கேட்டான். பிள்ளைகளின் நீதி மிகக் கடுமையானது. அதைத் தணிப்பதே அங்கே பெரியோருக்குள்ள வேலை. ஒவ்வொரு தண்டனையையும், 'உன் தங்கை மிதித்துவிட்டால்?' என்று கேட்டுக் கேட்டுக் கரைத்தோம். முடிவில் நின்றவை: வரப்பில் நட, குழாயை மூடு, கருவியைக் கழுவி வை, பிறர் பாத்தியில் கேட்டுத் தொடு, சிறியவர்களைத் தனியே விடாதே. அவர்கள் எழுதிய விதி ஆதலால் ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொண்டனர். அதிலும் கொஞ்சம் மிகுதியாகவே கண்காணித்தனர். கோள் சொல்ல வருவோரைத் திருப்பி அனுப்புவது நமக்குத் தனி வேலையாயிற்று.

இதில் நாம் முன்னோடி அல்லோம். போலந்து நாட்டுத் தலைநகர் வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் என்னும் யூத மருத்துவர் 1912 முதல் அநாதைப் பிள்ளைகளின் இல்லம் ஒன்றை நடத்தினார். அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றம் இருந்தது. அதன் சட்டத் தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் ஏதேனும் ஒரு காரணம் காட்டி மன்னிக்கும் பிரிவுகள். நூறாம் பிரிவிலிருந்துதான் குற்றம் என்னும் சொல்லே தலைகாட்டும். பிள்ளைகள் பெரியோர்மீதும் வழக்குத் தொடுக்கலாம்; மருத்துவரே சிலமுறை அந்த நீதிமன்றத்தின் முன் நின்றார். 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாசிகள் அந்த இல்லத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ இருநூறு பேரை திரெப்லிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டு சென்றபோது, தப்புவதற்குக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்து அவர்களோடு தாமும் சென்று மாண்டார். பிள்ளைகளுக்குச் சட்டம் வகுக்கத் தகுதி பெற்றவர் அவர்.

நம் தமிழ்நாட்டுக்கு 1906-ஆம் ஆண்டு தஞ்சாவூர் வழியாக வந்த சலேசிய சபையாரின் தந்தை தொன் போஸ்கோவும் இதைப்பற்றி 1877-இல் சுருக்கமாக எழுதியுள்ளார். அடக்கும் முறையில் பெரியவர் விதியை அறிவித்துவிட்டு, மீறுபவனைப் பிடிக்கக் காத்திருப்பார். தடுக்கும் முறையில் விதியை அறிவித்துவிட்டு, தந்தையைப் போலப் பிள்ளைகளின் நடுவிலேயே இருப்பார். பலகை எழுதுவது முதல் முறை. எளிது, ஒரு டப்பா வண்ணம் போதும். இரண்டாவது முறைக்கு ஞாயிறு வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் தோட்டத்தில் நிற்கக்கூடிய ஆள் வேண்டும். இருபது குடும்பங்களில் வாரத்துக்கு இருவர் என்று முறை வைத்தால் ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைகூட வராது. இதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் குறை பிள்ளைகளிடம் இல்லை.

தண்டனையைப்பற்றிச் சுருக்கமாக: அபராதம் வேண்டாம். அதைக் கட்டுவது பிள்ளையின் தந்தை. கூலிக்காரத் தந்தையானால் அவர் கட்டும் முறை பிள்ளையின் முதுகில் தெரியும். நாற்றை மிதித்தவன் நாற்று நடட்டும். தொட்டியைக் காலி செய்தவர்கள் வாளியில் நீர் சுமக்கட்டும், பத்து வாளி. அதோடு முடிந்தது, அடுத்த ஞாயிறு அதைப்பற்றிப் பேச்சு எழலாகாது.

மார்ச்சு மாதத்தில் தேர்வு வரும். படிப்புக் கெட்டுவிடும் என்று பெற்றோர் பிள்ளைகளைத் தோட்டத்திலிருந்து இழுத்துக்கொள்வர். அதன் பின்னே ஏப்பிரல், மே. பாட்டி வீட்டுக்குப் போகும் காலம். நீர் மிகுதியாகத் தேவைப்படுவதும் அப்போதுதான். லைப்சிக் பாத்திகளைப் போல நம் சிறுவர் பாத்திகளும் காயக்கூடிய காலம் இது. ஊரில் தங்கும் பிள்ளைகள் ஊருக்குப் போன பிள்ளைகளின் பாத்திக்கு நீர் ஊற்றுவது, அதற்கு ஈடாக அதில் விளைவதைப் பறித்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்தால் வாய்க்கால்கரைப் பிள்ளைகளுக்குக் கோடையில் இரண்டு பாத்தி கிடைக்கும். அவர்கள் விடுமுறைக்கு எங்கும் போவதில்லை. நீர் சுமக்கும் வேலை பெண்பிள்ளைகளுக்கும், மண்வெட்டி பிடிக்கும் பெருமை ஆண்பிள்ளைகளுக்கும் என்று தானாகவே பிரிந்துவிடும் என்பதையும் மேற்பார்ப்பவர் கவனித்து மாற்றவேண்டும்.

சிறுவர் பாத்தியின் அகலம் 3 அடிக்கு மேல் வேண்டாம். இருபுறத்து வரப்பிலிருந்தும் சிறு கை நடுப்பகுதியை எட்டவேண்டும். எட்டாவிட்டால் மிதிக்கத்தான் செய்யும். நீளம் 6 அடி போதும். வரப்பு ஒன்றரை அடியாவது இருக்கட்டும். ஒற்றையடி வரப்பில் ஓடாமல் நடக்க நம்மாலேயே இயலாது. குழாயைப் பொறுத்தவரை, கையால் அழுத்தும்வரை மட்டும் நீர் தந்து, விட்டதும் தானே அடைத்துக்கொள்ளும் குழாய்கள் கடைகளில் கிடைக்கின்றன. அதில் ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டால் 'குழாயைத் திறந்துவிடக் கூடாது' என்ற ஒன்பதாம் விதியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.